சுருக்குப்பைக்குள் ஒரு சிறுகோள்

2013-இல் நாசா ஒரு அனிமேஷன் வீடியோ வெளியிட்டது. விசிறிபோல் விரிந்த இரண்டு சோலார் தகடுகளோடு ஒரு விண்கலம் போகிறது. எதிரே ஒரு கறுப்புப் பாறை மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது. கலத்தின் முகப்பிலிருந்து பெரிய பை ஒன்று விரிந்து வாய் திறக்கிறது. பாறையை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்கிறது. வாய் சுருங்குகிறது. முடிந்தது வேலை. இனி அந்த மூட்டையை நிலவுப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். விண்வெளி வீரர்கள் போய்ப் பையைத் திறந்து, உள்ளே இருப்பதில் கொஞ்சம் கிள்ளி எடுத்து வருவார்களாம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சூரியனைச் சுற்றும் ஒரு சிறுகோளைப் பிடிக்க இவர்களுக்குக் கிடைத்த கருவி சுருக்குப்பையா? நண்பர்கள் குழுவில் அந்த வீடியோவைப் போட்டு, "பையோடு கிளம்பிவிட்டார்கள், சில்லறை இருக்கிறதா என்று கேளுங்கள்" என்று கிண்டலாக ஒரு வரி எழுதினேன்.

அந்த வரியை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு சிறுகோள்களைத் தேடிப் போன கலங்களின் கதையை ஒன்று விடாமல் படித்துவந்திருக்கிறேன். அந்தத் திட்டத்திலேயே உருப்படியான பகுதி அந்தப் பைதான் என்று இன்றைக்கு எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் பை சம்பந்தப்படாத பாதியைப் பேசிவிடலாம்.

இதில் வேலை இரண்டு. ஒன்று, பிடிப்பது. இன்னொன்று, பிடித்ததை நகர்த்துவது. யாரைக் கேட்டாலும் நகர்த்துவதுதான் கஷ்டம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கால்டெக் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கெக் விண்வெளி ஆய்வு நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையைப் படிக்கும் வரைக்கும். நாசா வீடியோவுக்கு விதை போட்டது அந்த அறிக்கைதான். சுமார் 7 மீட்டர் அகலமும் 500 டன் எடையும் உள்ள ஒரு சிறுகோளைப் பையில் போட்டு, 2025-க்குள் நிலவைச் சுற்றும் பாதைக்குக் கொண்டுவர முடியும் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். செலவு 260 கோடி டாலர். பூமியிலிருந்து ஏவ வேண்டிய எடை வெறும் 18 டன். அதாவது 18 டன் அனுப்பினால் 500 டன் வீடு வந்து சேரும்.

இது எப்படி சாத்தியம் என்று ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட இயற்பியல்தான், பயப்பட வேண்டாம்.

சூரியனைச் சுற்றுவதில் பூமியோடு ஏறக்குறைய ஒரே தடத்தில், ஒரே வேகத்தில் போகும் கற்கள் சில இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதை நம் பக்கம் திருப்ப நொடிக்கு 200 மீட்டருக்கும் குறைவான வேக மாற்றம் போதும். கடைசியில் நிலவின் ஈர்ப்பே கொஞ்சம் பிரேக் போட்டுக் கொடுக்கும். சரி, 200 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண ராக்கெட்டில் புகை வெளியேறும் வேகம், இருப்பதிலேயே நல்ல எரிபொருளான ஹைட்ரஜன்-ஆக்சிஜன் கலவையில், நொடிக்கு 4.5 கிலோமீட்டர். அதை வைத்து 500 டன் கல்லுக்கு இந்த மாற்றத்தைக் கொடுக்க 22 டன்னுக்கு மேல் எரிபொருள் வேண்டும். அயனி எந்திரம் வேறு ரகம். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்து, செனான் வாயுவின் அணுக்களை அயனிகளாக்கி, நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் துப்பும். அதற்கு 3.3 டன் செனான் போதும்.

அப்படியானால் எல்லாரும் அயனி எந்திரமே வைத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் விஷயம். அதன் தள்ளுவிசை சிரிப்பு மூட்டும் அளவுக்குச் சின்னது. கெக் அறிக்கை பேசியது 40 கிலோவாட் எந்திரம். திறனில் 60 சதவீதம் உருப்படியாகப் போகிறது என்று வைத்தால், வரும் விசை 1.6 நியூட்டன். உங்கள் மொபைல் போனை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது கையை அழுத்துகிறதே, அதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த விசையால் 500 டன் கல்லைத் தள்ள வேண்டும். நாள் முழுக்க விடாமல் தள்ளினால், அன்று ராத்திரி கல்லின் வேகம் நொடிக்கு 28 சென்டிமீட்டர் கூடியிருக்கும். தவழும் குழந்தையின் வேகம். அடுத்த நாள் இன்னொரு 28. இப்படியே போனால் நொடிக்கு 200 மீட்டர் சேர இரண்டு வருடம் ஆகும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது. அங்கே உராய்வு கிடையாது, கொடுத்த தள்ளல் எதுவும் வீணாகாது, அவசரமும் இல்லை.

இது வெறும் காகிதக் கணக்கு என்றும் ஒதுக்க முடியாது. 2007-இல் கிளம்பிய டான் விண்கலம் இந்த வகை எந்திரத்தை வைத்துக்கொண்டுதான் 2011-இல் வெஸ்டா என்ற பெரிய சிறுகோளைச் சுற்றி வந்து, அங்கிருந்து கிளம்பி, 2015-இல் சீரிஸ் என்ற குறுங்கோளைச் சுற்றப் போனது. பூமிக்கு வெளியே இரண்டு வெவ்வேறு விண்பொருள்களைச் சுற்றி நின்ற கலம் அதற்கு முன் எதுவும் இல்லை. அதன் எந்திரம் முழு மூச்சில் தள்ளினாலும் கையில் ஒரு தாளை வைத்திருக்கும் கனம்தான்.

ஆக, நகர்த்துவது பொறுமையும் செனானும் சம்பந்தப்பட்ட விஷயம். கணக்கு கையில் இருக்கிறது, எந்திரமும் இருக்கிறது. கை வைக்கிற இடத்தில்தான் சிக்கல்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அசட்டுச் சம்பவம் ஞாபகம் வரும். வீட்டில் ஒரு பீன் பேக் நாற்காலி. தொளதொளத்துப் போனதால் அதற்குள் நிரப்பும் தெர்மாகோல் மணிகள் ஒரு பெரிய பொதி வாங்கி வந்தேன். நிரப்பும்போது பொதி வாய் பிளந்து, பாதி தரையில். கையால் அள்ளப் போனால் மணிகள் கைக்கு முன்னால் ஓடுகின்றன. பிடித்தவை விரலில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழுவதில்லை. துடைப்பத்தை எடுத்தேன்; அது கிளப்பிய காற்றிலேயே நாற்காலிக்கடியிலும் அலமாரிக்கடியிலும் போய் ஒளிந்துகொண்டன. குவியலாகக் கிடந்தபோது திடமான பொருள் மாதிரி இருந்தது, தொட்டதும் தண்ணீர் மாதிரி வழிந்தது. அரை மணி நேரம் போராடிவிட்டு, கடைசியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் குவியல்மேல் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி, அலுங்காமல் திருப்பினேன். அப்போதுதான் அடங்கியது.

சிறுகோள்களில் பெரும்பாலானவை பாறை இல்லை, குவியல். எப்போதோ ஒன்றோடொன்று மோதி உடைந்து, சிதறிய துண்டுகள் தம் சொற்ப ஈர்ப்பால் மறுபடி கூடி நிற்கும் கற்குவியல். ஆராய்ச்சியாளர்கள் இதை ரொம்ப நாளாகவே சந்தேகப்பட்டார்கள். ஆனால் தொட்டுப் பார்த்தபோது அது எவ்வளவு தூரம் உண்மை என்பது அவர்களையே அசைத்துவிட்டது.

தொட்ட கதைகளை வரிசையாகப் பார்த்தால் தெரியும். 2005-இல் ஜப்பானின் ஹயபுசா இடோகாவா என்ற சிறுகோளுக்குப் போனது. மினர்வா என்ற குட்டி ரோபோவை இறக்கினார்கள்; கலம் மேலே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அது விடுபட்டதால் தரையைத் தொடாமலே விண்வெளியில் மிதந்து போய்விட்டது. அங்கே ஈர்ப்பு அவ்வளவு லேசு. மண்ணைக் கிளப்பிப் பிடிப்பதற்காகக் குண்டு ஒன்றைச் சுட வேண்டும், அது சுடவில்லை. ஆனாலும் 2010-இல் திரும்பி வந்த பெட்டியில் சுமார் 1,500 துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதற்கே கொண்டாட்டம். 2014 நவம்பரில் ஐரோப்பாவின் ஃபிலே ஒரு வால்மீனில் இறங்கியது. தரையில் குத்தி நிற்க ஈட்டிகள் வைத்திருந்தார்கள், அவை பாயவில்லை. கலம் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துள்ளி எழுந்து, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தரையைப் பார்த்தது.

அப்புறம் பென்னு. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை.

சுமார் 490 மீட்டர் அகலமுள்ள சிறுகோள். நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2018 டிசம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தது. பூமியிலிருந்து பார்த்த வெப்ப அளவுகளை வைத்து, கடற்கரை மாதிரி மெத்தென்ற மணல் தரை இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் எங்கு திரும்பினாலும் பாறை. இறங்குவதற்கு ஒரு நல்ல இடம் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு 2019 ஜனவரியில் பென்னு தானாகவே சின்னச் சின்னக் கற்களை விண்வெளிக்குள் வீசிக்கொண்டிருப்பதையும் கண்டுபிடித்தார்கள். தேடித் தேடி கடைசியில் ஒரு சிறு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து, 2020 அக்டோபர் 20 அன்று 3 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு கையை நீட்டி, நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் தொட்டார்கள்.

தரை எதிர்க்கவே இல்லை. கை அரை மீட்டர் ஆழத்துக்கு உள்ளே போய்விட்டது. அந்த நேரத்தில் கலம் தன் எந்திரங்களை இயக்கிப் பின்வாங்கியிராவிட்டால் இன்னும் அமிழ்ந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். கிளம்பும்போது வந்த வீச்சில் 8 மீட்டர் அகலத்துக்குப் பள்ளமே விழுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து இன்னொரு தலைவலி: மாதிரிப் பெட்டியின் மூடியில் கற்கள் சிக்கி, மூடாமல், உள்ளே இருந்தது வெளியே கசிந்துகொண்டிருந்தது. அள்ளியது அளவுக்கு மீறிப் போனதால் வந்த தொல்லை. திட்டத்தை மாற்றி, பூமிக்குத் திரும்ப வேண்டிய பெரிய பெட்டிக்குள் அதை அவசரமாக வைத்து மூடினார்கள். 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகும் இரண்டு திருகுகள் கழலாமல் அடம் பிடித்து, முழுவதும் திறக்க 2024 ஜனவரி ஆகிவிட்டது. கடைசிக் கணக்கு 121.6 கிராம், குறைந்தபட்சம் 60 கிராம் கிடைத்தால் போதும் என்றுதான் போயிருந்தார்கள். உயிருக்கு அடிப்படையான 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன.

பென்னுவின் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தத் தெர்மாகோல் மணிகளும் பையும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பை இதற்குத்தானே! உள்ளே இருப்பது ஒரே பாறையா, பொடியா, இரண்டும் கலந்த குப்பையா என்ற கேள்வியே பைக்குக் கிடையாது. கைக்கும் ஈட்டிக்கும் கொக்கிக்கும் தரை எதிர்த்து நிற்க வேண்டும். பை சுற்றி வளைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உடைந்தால் உடையட்டும், உள்ளேதானே இருக்கும்.

ஆனால் நாசா அந்தப் பையை 2015-லேயே கைவிட்டுவிட்டது. அப்போது பென்னுவுக்கு யாரும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி, ஒரு குட்டிச் சிறுகோளை முழுசாகப் பையில் போடுவது. இரண்டாவது, பெரிய சிறுகோளில் இறங்கி, அதன்மேல் கிடக்கும் பாறை ஒன்றை ரோபோ கைகளால் கவ்வித் தூக்கிக்கொண்டு வருவது. இரண்டாவதற்கு 10 கோடி டாலர் கூடுதல் செலவு. இருந்தாலும் அதில் கற்றுக்கொள்ளும் தொழில்நுட்பம் மற்ற பயணங்களுக்கும் உதவும் என்று சொல்லி, அதைத் தேர்ந்தெடுத்தார்கள். போக வேண்டிய இடமாக 2008 இவி5 என்ற சுமார் 400 மீட்டர் சிறுகோளைக் குறித்துவைத்தார்கள். அதில் 4 மீட்டர் வரை அகலமுள்ள பாறை.

அந்தத் தேர்வு எனக்கு உவப்பில்லை. காரணம் இருக்கிறது. 2014-இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 2011 எம்டி என்ற சிறுகோளைப் பார்த்தது. பைத் திட்டத்துக்கான வேட்பாளர்களில் அதுவும் ஒன்று. அகலம் சுமார் 6 மீட்டர். அடர்த்தி ஏறக்குறைய தண்ணீர் அளவு. கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டுமே, எங்கே போயிற்று மீதி? அந்த உருண்டையில் மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் கவ்விப் பிடிக்கலாம் என்று போனது துணிச்சல்தான். பின்னாளில் பென்னுவிலும் ரியுகு என்ற இன்னொரு சிறுகோளிலும் கிடந்த கரும்பாறைகள் எதிர்பார்த்ததைவிட நுண்துளை மிகுந்தவை, பலவீனமானவை என்று தெரியவந்தது. கவ்வியிருந்தால் பொடிந்து போயிருக்குமோ? திட்டம் 2017-இல் ரத்தானதால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. அரசு மாறியது, இலக்கு நிலவுக்குத் திரும்பியது.

பைக்குப் பதிலாகக் கவ்வியைத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பையின் பக்கத்திலும் ஓட்டைகள் உண்டு. 7 மீட்டர் அளவுள்ள கல்லை முதலில் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கரிபோல் கறுத்த சின்னக் கல், பூமிக்கு அருகில் வரும் சில நாட்கள் மட்டும் தெரியும், அப்புறம் பல வருடங்களுக்கு மறைந்துவிடும். அதன் அளவும் எடையும் தோராயமாகத்தான் தெரியும். போய்ப் பார்த்தால் 500 டன் என்று நினைத்தது 1,000 டன்னாகவும் இருக்கலாம். பாதி வழியில் செனான் தீர்ந்தால் யாரிடம் கேட்பது?

சுழற்சி வேறு. 200 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்கள் பெரும்பாலும் 2 மணி 12 நிமிடத்துக்கு ஒரு சுற்றைவிட வேகமாகச் சுழல்வதில்லை. அதற்கு மேல் போனால் குவியல் பிய்ந்துவிடும். குட்டிக் கற்கள் அந்த எல்லையை மதிப்பதில்லை. சில நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். அதைப் பையில் போட்டுச் சுருக்கினால், பையோடு கலமும் சேர்ந்து சுழலத் தொடங்கும். பிறகு எந்திரங்களைத் தட்டி மெல்ல நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் 500 டன் கல்லை நிறுத்த, என் கணக்கில் சில பத்து கிலோ எரிபொருள் போதும். ஆனால் உள்ளே இருப்பது குவியலாக இருந்தால் நிறுத்தும்போது ஒரு பக்கமாகச் சரியும். அந்தச் சரிவை முன்கூட்டிக் கணக்கிட இன்றுவரை நமக்குச் சரியான அளவுகள் கையில் இல்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து என்ன செய்வது என்று கேட்கலாம். தங்கம், பிளாட்டினம் என்று செய்திகளில் வரும். அவற்றை நம்பித் தொடங்கிய இரண்டு நிறுவனங்கள், 2012-இல் ஒன்றும் 2013-இல் ஒன்றும் அறிவிக்கப்பட்டவை, சில வருடங்களிலேயே வேறு கைக்குப் போய்விட்டன. எனக்கு அந்தக் கதையில் ஈடுபாடு இல்லை. எனக்கு ஆசை தண்ணீர் மேல். கரிமம் மிகுந்த சிறுகோள்களில் சிலவற்றின் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தண்ணீர், தாதுக்களுக்குள் பிணைந்து இருக்கும். 500 டன்னில் 100 டன். சூடாக்கினால் வெளியே வரும். மின்சாரம் கொடுத்துப் பிரித்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன். அதாவது ராக்கெட் எரிபொருள். பிரிக்காமல் அறைச் சுவரைச் சுற்றி நிரப்பினால் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம். பூமியிலிருந்து ஒவ்வொரு லிட்டரையும் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட, மேலேயே மிதப்பதை எடுத்துக்கொள்வது மேல். அப்போலோ வீரர்கள் ஆறு பயணங்களில் கொண்டுவந்த நிலவுக் கல் மொத்தமே 382 கிலோ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பயம் ஒன்றும் உண்டு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே சுமார் 20 மீட்டர் கல் வெடித்து, கண்ணாடி சிதறி ஆயிரத்தைந்நூறு பேர்போலக் காயம்பட்டார்கள். நாசா திட்டத்தை அறிவித்தது அதற்கு இரண்டே மாதம் கழித்து. வானத்திலிருந்து கல் விழுந்த ஈரம் காயும் முன் இவர்களே ஒன்றை இழுத்துவரப் போகிறார்களா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் 7 மீட்டர். அந்த அளவு நொறுங்கக்கூடிய கல் வழி தவறி வந்தாலும் காற்றில் உடைந்து எரிந்துவிடும். நிறுத்துமிடமும் பூமிக்குப் பக்கத்தில் இல்லை. நிலவை வெகுதூரத்தில், எதிர்த்திசையில் சுற்றும் ஒரு பாதை. அதில் விட்டால் நூறு வருடத்துக்கு மேல் அலுங்காமல் கிடக்கும். நிலைகுலைந்தாலும் போய் முட்டுவது நிலவில். இதே வகைப் பாதையில்தான் 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1 பயணத்தின் ஒரையன் கலம் சுற்றிவிட்டு வந்தது. பைத் திட்டத்தில் வீரர்கள் போக வேண்டிய அதே கலம். இடம் தயார், வண்டி தயார், கல் மட்டும் வரவில்லை.

ஆனால் வானியலாளர்கள் கார்ல் சேகனும் ஸ்டீவன் ஆஸ்ட்ரோவும் 1994-லேயே எழுப்பிய கேள்வி இன்னும் கிடக்கிறது: சிறுகோளைப் பூமியிலிருந்து விலக்கத் தெரிந்தவனுக்கு, பூமியை நோக்கித் திருப்பவும் தெரியும். 7 மீட்டர் கல்லுக்கு இது பொருந்தாது. 100 மீட்டர் கல்லை நகர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு பொருந்தும்.

பிடிக்காமலே நகர்த்தும் வழிகளும் இருக்கின்றன. எட் லூ, ஸ்டான்லி லவ் என்ற இரண்டு விண்வெளி வீரர்கள் 2005-இல் ஒரு யோசனை சொன்னார்கள்: 20 டன் கலம் ஒன்றைச் சிறுகோளுக்குப் பக்கத்தில் தொடாமல் நிறுத்தி வையுங்கள். கலத்தின் ஈர்ப்பே கயிறு. கலம் மெல்ல மெல்ல விலக, கல் அதன் பின்னால் வரும். 200 மீட்டர் கல்லை ஒரு வருடம் இப்படி இழுத்தால், இருபது வருடம் கழித்து நடக்க வேண்டிய மோதல் தவறிவிடும். கற்குவியலா, பாறையா என்று இதற்கும் கவலை இல்லை. தொடவே இல்லையே!

நேர் எதிர்வழி, முட்டுவது. 2022 செப்டம்பர் 26-இல் நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மேல் மோதிய நேரலையைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் இரண்டு புள்ளிகள். சிறியது முட்டை வடிவமாகிறது. முட்டைமேல் கற்கள் முளைக்கின்றன. கற்களுக்கு நிழல் விழுகிறது. பிறகு திரை முழுக்கக் கற்கள் மட்டும், விளிம்பே தெரியாமல். கடைசிப் படம் மேலே ஒரு கீற்று மட்டும் வந்து, மிச்சம் வெற்றுத் திரையாக நின்றுவிட்டது. அனுப்பி முடிப்பதற்குள் அனுப்புகிறவன் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் கைதட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கற்களைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மழமழவென்று ஒரு இடம்கூட இல்லை. இதுவும் குவியல்தான்.

டைமார்ஃபஸ் தன் பெரிய துணையைச் சுற்ற 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். சுமார் 33 நிமிடமே குறைந்துவிட்டது. குவியல் என்பதால் மோதிய இடத்திலிருந்து பின்பக்கமாக அள்ளி வீசப்பட்ட தூசியும் கற்களும் ராக்கெட் புகை மாதிரி வேலை செய்து, கலம் மட்டும் கொடுத்திருக்கக்கூடிய தள்ளலைச் சுமார் 3.6 மடங்காக்கின. பிடிக்கப் போனவர்களுக்குத் தொல்லை கொடுத்த அதே பொலபொலப்பு, முட்டப் போனவர்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் முட்டுவதால் கல்லை விலக்கலாம். வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்த முடியாது. ஐரோப்பாவின் ஹெரா கலம் 2024 அக்டோபரில் கிளம்பி அந்த மோதல் நடந்த இடத்தைப் பார்க்கப் போகிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. எந்த நாடும் எந்த விண்பொருளையும் தனதென்று சொல்லக்கூடாது என்கிறது 1967 ஒப்பந்தம். வெட்டி எடுத்த பொருளை எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்கின்றன அமெரிக்காவின் 2015 சட்டமும் லக்சம்பர்க்கின் 2017 சட்டமும். அப்படியானால் ஒரு சிறுகோளை முழுசாகப் பையில் போட்டுக்கொண்டால் அது விண்பொருளா, வெட்டி எடுத்த பொருளா? வக்கீல்களுக்கு நல்ல வேட்டை.

பூமியும் அவ்வப்போது தானாகவே கல் பிடிக்கிறது. 2006-இல் வந்து 2007 வரை நம்மைச் சுற்றிவிட்டுப் போன 2006 ஆர்எச்120 சில மீட்டர் கல். 2024-இல் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை நம்மோடு இருந்த 2024 பிடி5 சுமார் 10 மீட்டர். 2020-இல் ஒன்று வந்தது. ஆராய்ந்து பார்த்தால் அது 1966-இல் நிலவுக்குக் கலம் அனுப்பிய ராக்கெட்டின் மேல்பாகம். நாம் எறிந்ததே திரும்பி வந்திருக்கிறது.

இப்போது நான் காத்திருப்பது 1998 கேஒய்26 என்ற சிறுகோளுக்காக. ரியுகுவிலிருந்து 2020 டிசம்பரில் 5.4 கிராம் மண்ணைக் கொண்டுவந்து பூமியில் போட்டுவிட்டு, நிற்காமல் அப்படியே கிளம்பிப் போன ஹயபுசா-2 கலம், 2031 ஜூலையில் அங்கே போய்ச் சேர வேண்டும். 30 மீட்டர் இருக்கும் என்று நம்பிக் கிளம்பினார்கள். 2025-இல் பெரிய தொலைநோக்கிகளால் மறுபடி அளந்தபோது 11 மீட்டர்தான் என்று தெரிந்தது. ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இறக்கைகளை விரித்தால் கலமே 6 மீட்டர். கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் தம்பி அண்ணன் மாதிரி இருக்கும். கெக் அறிக்கைக்காரர்கள் பையில் போடப் பார்த்த அளவுக்கு இவ்வளவு நெருக்கமான கல் ஒன்றை மனிதக் கருவி எதுவும் அருகில் போய்ப் பார்த்ததில்லை.

அதன் நடுக்கோட்டில் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். தரை நொடிக்கு 11 சென்டிமீட்டர் நகர்கிறது, நடைவேகம்கூடக் கிடையாது. ஆனால் அந்தக் கல்லின் ஈர்ப்பை மீறித் தப்பிக்க நொடிக்கு அரை சென்டிமீட்டரே போதும். ஆகவே நடுக்கோட்டில் ஒட்டாமல் கிடக்கும் எந்தக் கூழாங்கல்லும் எப்போதோ பறந்து போயிருக்க வேண்டும். அப்படியானால் மிஞ்சியிருப்பது வழவழவென்று ஒரே பாறையா? இல்லை, பொடியின் ஒட்டும் தன்மையே போதுமென்று இன்னும் குவியலாகவே சேர்ந்து சுற்றுகிறதா? இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். ஹயபுசா-2 அனுப்பும் முதல் தெளிவான படத்தில் நான் தேடப்போவது தூசியை.